பயிற்சி அவனுக்கு மட்டும் போதாது

கேள்வி: என் மகனுக்கு வயது 15. கும்பகோணத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஆறு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நன்றாகப் பேசுவான், படிப்பும் மோசமில்லை. ஆனால் எந்நேரமும் மேட்டூர் அணையைப் பற்றித்தான் பேச்சு. காலையில் செய்தித்தாள் வந்ததும் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று நோட்டில் எழுதிவைத்துப் பார்ப்பவர்களிடமெல்லாம் ஒப்பிப்பான். மஸ்கட்டில் வேலை செய்யும் அவன் அப்பா இரவில் போன் செய்தாலும் இதையேதான் சொல்வான். பள்ளியில் மதியம் தனியாகச் சாப்பிடுகிறான். மூன்று பையன்களை ‘என் ஃபிரண்ட்ஸ்’ என்கிறான். அவர்களோ இவன் காசில் பப்ஸ் வாங்கித் தின்கிறார்கள். போன மாதம் அவர்கள் சொல்லிக்கொடுத்த கெட்ட வார்த்தையை அர்த்தம் தெரியாமல் ஆசிரியையிடம் சொல்லி மாட்டிக்கொண்டான். கல்யாண வீடுகளில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறான். என் வளர்ப்பு சரியில்லை என்கிறார் நாத்தனார். தஞ்சாவூரில் ‘சமூகத் திறன் பயிற்சி’ வகுப்பு நடக்கிறது, சேர்க்கலாமா? அணைப் பேச்சை நிறுத்தினால் நண்பர்கள் கிடைப்பார்களா? அவனுக்கு ஆட்டிசம் இருப்பதை இதுவரை அவனிடமே சொல்லவில்லை, வகுப்பில் சொல்லலாமா? இல்லை, பொதுத்தேர்வு முடியும் வரை எல்லாவற்றையும் தள்ளிப்போடலாமா?

— ஒரு தாய், கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது பயிற்சி வகுப்பும் அல்ல, அணைப் பேச்சும் அல்ல. அந்த மூன்று பையன்கள். காசு பிடுங்கித் தின்றதோடு அவர்கள் நிற்கவில்லை. அவன் வாயால் ஆசிரியையைத் திட்டவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இதைப் பையன்கள் விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். நாளை இதே கூட்டம் போனில் ஏதாவது படம் அனுப்பச் சொல்லும், எங்காவது ஏறிக் குதிக்கச் சொல்லும், யாரையாவது தொட்டுவிட்டு வரச் சொல்லும். அவன் செய்வான். நண்பர்கள் சொன்னதைச் செய்கிறோம் என்று நம்பிச் செய்வான்.

அவன் ஏன் நம்புகிறான்? வகுப்பில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் அவர்கள்தான். ‘நீ எங்கள் ஃபிரண்ட்’ என்று வாய்விட்டுச் சொன்னவர்களும் அவர்கள்தான். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. சிரிக்கும்போது கண்ணில் ஓடுகிற கேலி அவனுக்குப் பிடிபடாது. ஆகவே ‘அவர்கள் கெட்டவர்கள், சேராதே’ என்று நீங்கள் சொன்னால் இருக்கிற ஒரே உறவையும் அம்மா பறிக்கிறாள் என்றுதான் நினைப்பான். அடுத்த முறை நடப்பதை உங்களிடம் சொல்லவும் மாட்டான்.

தினமும் வரத்தும் திறப்பும் எழுதுகிற பிள்ளை அவன். அதே கணக்கை இங்கேயும் போடச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் இரண்டு கட்டம்: இந்த வாரம் அவர்களிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து அவர்களுக்குப் போனது. பப்ஸ், பேனா, வீட்டுப்பாடம், உதவி, நல்ல வார்த்தை எல்லாவற்றையும் எழுதட்டும். ஒரு வாரம் காசு கொடுத்தனுப்பாதீர்கள். காசில்லாத நாளில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்களா, அவன் ‘வேண்டாம்’ என்றதும் விட்டார்களா என்பதையும் குறிக்கட்டும். நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன், இவனைவிட ஒரு வயது சிறியவன், இப்படி எழுதிய தாளை மேசைமேல் வைத்தான். கடைசி வரியில், ‘காசு இல்லாத நாளில் அவர்களுக்கு நான் கண்ணுக்குத் தெரிவதில்லை’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே இரண்டு முறை கோடு போட்டிருந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு நானோ அவன் அம்மாவோ எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வலித்தது உண்மை. அந்த வாரம் அவன் அம்மா அவனைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டார். நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் கணக்குக்கு விடாமல் கட்டளையாகவே சொல்லிவிடுங்கள்: ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று யார் சொன்னாலும், அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னதற்காக அவனுக்குத் திட்டு விழாது என்பதை நீங்கள் காப்பாற்ற வேண்டும்.

கெட்ட வார்த்தை விஷயத்தில் அவன் ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்பது சரிதான். ஆனால் சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்பதும் பள்ளிக்குத் தெரிய வேண்டும். வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். நடந்தவற்றைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். அந்த மூவரையும் வகுப்பில் நிறுத்தி விசாரிக்க வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தக் கோபம் உங்கள் பிள்ளைமேல்தான் திரும்பும். மதிய இடைவேளையில் ஒரு ஆசிரியரின் கண் அந்தப் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் முதல் கோரிக்கை. அது நடக்கவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளுக்குப் பாகுபாடில்லாமல் கல்வி மட்டுமல்ல, விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். இடைவேளை நேரத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. சலுகை கேட்பதுபோலத் தயங்க வேண்டாம்.

இனி நண்பர்கள் கிடைப்பது பற்றி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எல்லாக் கேள்வியும் ‘அவனை எப்படி மாற்றுவது’ என்றே இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவன் தனியாகச் சாப்பிட்டால், மாற வேண்டியது அந்த ஒருவன் மட்டும்தானா? இத்துறையில் இத்தனை ஆண்டுகள் இருந்த பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: நட்பு இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது, ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்துகொண்டே இருந்தால் அது வராது.

வெகுகாலம் இது வேறு மாதிரிதான் சொல்லப்பட்டது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனம் புரியாது, அதனால்தான் நட்பு அமைவதில்லை என்றார்கள். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் இதைத் திருப்பிக் கேட்டார்: அவர்களுக்கு நம் மனம் புரியவில்லை என்றால், நமக்கு அவர்கள் மனம் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழியை மட்டும் ஒரு பக்கம் சுமக்கிறது என்பது அவர் வாதம். எடின்பரோவில் நடந்து 2020இல் வெளியான ஒரு ஆய்வு இதைச் சோதித்தது. எட்டு எட்டுப் பேராக வரிசை அமைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போக வைத்தார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையிலும், எல்லோரும் ஆட்டிசம் இல்லாதவர்களாக இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவுக்குத் தங்கியது. இருவரும் கலந்திருந்த வரிசையில்தான் கதை அதிகமாகத் தேய்ந்தது. அதாவது அவர்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களுக்குத் தெரிகிறது. நமக்கும் அவர்களுக்கும் நடுவில்தான் அறுந்துபோகிறது.

இன்னொன்று, 2017இல் அமெரிக்காவில் நோவா சாசனும் மற்றவர்களும் செய்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் காட்சியைச் சில நொடிகள் மட்டும் காட்டியபோதே, பார்த்தவர்கள் ‘இவரோடு பழக விருப்பமில்லை’ என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது அந்த வெறுப்பு காணாமல் போனது. பேச்சின் பொருளில் குறையில்லை. குரல், பார்வை, உடலசைவு வழக்கம்போல் இல்லை என்பதே போதுமாக இருந்திருக்கிறது. உங்கள் மகனை வகுப்பில் தள்ளிவைப்பது பெரும்பாலும் இந்தச் சில நொடிகள்தான்.

அப்படியானால் வகுப்பில் என்ன செய்வது? லாஸ் ஏஞ்சலஸில் கோனி கஸாரி என்ற ஆய்வாளரின் குழு, ஆட்டிசம் உள்ள 60 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. சிலருக்கு நேரடியாகப் பயிற்சி. சிலருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, அவர்கள் வகுப்பில் மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தனித்து நிற்பவர்களோடு எப்படிப் பழகுவது என்று அந்த மூவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பு நட்பு வட்டத்தில் இடம் கிடைத்தது, மைதானத்தில் தனிமை குறைந்தது எல்லாம் கூட இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வகையில்தான் கூடுதலாகத் தெரிந்தது. அவை உங்கள் மகனைவிடச் சிறிய பிள்ளைகள். ஆனாலும் பத்தாம் வகுப்புக்கும் இந்த வழி பொருந்துவதை நான் பார்க்கிறேன்.

வகுப்பாசிரியரிடம் இதைக் கேளுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையோ வகுப்புத் தலைவனையோ தேட வேண்டாம். பொறுமையும் கொஞ்சம் தைரியமும் உள்ள இரண்டு மூன்று பேர் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். ஆசிரியருக்கு அவர்களைத் தெரியும். ‘பாவம், அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பக் கூடாது. பாவப்பட்டு வருகிறவன் ஒரு வாரத்தில் போய்விடுவான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சாடையாகப் பேசாமல் நேராகச் சொல்லுங்கள். ‘எனக்கு இப்போது கேட்க நேரமில்லை, சாப்பிட்ட பிறகு சொல்’ என்றால் அவன் கோபப்பட மாட்டான். கண்ணைப் பார்க்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். கிண்டலாகச் சொன்னதை ‘இது கிண்டல்’ என்று சொல்லிவிடுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இது கடினமே இல்லை. பெரியவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அணைப் பேச்சை நிறுத்த வேண்டாம். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள பலருக்கு மனம் ஒரு பொருளில் ஆழமாக இறங்கும். அந்த இடத்தில்தான் அவர்களுக்கு நிம்மதியும் தன்னம்பிக்கையும் இருக்கின்றன. அதை அடைத்தால் நண்பர்கள் வர மாட்டார்கள், பேசுவதற்கு ஒன்றும் இல்லாத ஒரு பையன்தான் மிஞ்சுவான். மேலும், சகோதரி, நீங்கள் இருப்பது டெல்டாவில். குறுவைக்கு ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா, 120 அடி அணையில் இப்போது எத்தனை அடி நிற்கிறது, திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து நம் வாய்க்காலுக்கு எப்போது திரும்பும் என்பது உங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் கவலையோடு பேசப்படும் விஷயம். அவன் வகுப்பிலேயே விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவனுடைய தாத்தாவுக்கு உங்கள் மகனின் நோட்டு பொக்கிஷமாகத் தெரியக்கூடும்.

ஆகவே அந்தப் பேச்சுக்கு ஓர் இடம் தேடிக் கொடுங்கள். பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பார்கள் அல்லவா, அதோடு ஒரு வரியாக நீர்மட்டத்தையும் அவன் எழுதிக் கொடுக்கட்டும், அல்லது அறிவிப்புப் பலகையில் தினமும் எழுதட்டும். சுற்றுச்சூழல் மன்றம் இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். கேட்க விருப்பமுள்ளவர்கள் தாமாக வருவார்கள். இப்படி ஒரே பொருளில் ஆர்வமுள்ள இன்னொருவன் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ‘என்ன பேசுவது’ என்ற பயம் போய்விடுகிறது. இந்த நண்பன் அவன் வயதாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. நீர்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், உங்கள் வீட்டுத் திண்ணையில், உங்கள் கண் பார்வையில், வாரம் ஒருமுறை பேசட்டும்.

அதோடு அவனுக்கும் ஒன்று கற்றுக்கொடுக்கலாம். இரண்டு தகவல் சொன்னதும் எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி: ‘உங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?’ பதிலைக் கேட்ட பிறகு அடுத்த தகவல். ஏன் இப்படி என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் புரிந்தால் இப்பிள்ளைகள் நம்மைவிட ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள்.

அவன் அப்பாவிடம் இரவில் போனில் நீர்மட்டம் சொல்வதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. தான் மிகவும் மதிக்கும் ஒன்றை, அன்றைக்கு அன்று, அப்பாவுக்கு எடுத்துவைத்துக் கொடுக்கிறான். ‘சாப்பிட்டீர்களா அப்பா’ என்று கேட்பதற்குச் சமம் அது. அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டு ‘நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு கூடியிருக்கிறது, எங்கே மழை பெய்தது’ என்று கேட்கட்டும். அந்தப் பேச்சு வளரும்.

உங்கள் கடிதத்தில் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? தனியாகச் சாப்பிடுவது அவனுக்கு வேதனையா, அல்லது நான்கு பாடவேளை இரைச்சலுக்குப் பிறகு கிடைக்கும் ஒரே அமைதியா? இரண்டுமே இருக்கலாம். எதிரில் உட்காரவைத்து ‘உனக்கு ஃபிரண்ட்ஸ் வேண்டுமா’ என்று கேட்டால் ‘தெரியாது’ என்பான். ஸ்கூட்டரில் போகும்போதோ, அரசலாற்றங்கரையில் பக்கத்தில் பக்கமாக நடக்கும்போதோ கேளுங்கள். இன்னும் நல்லது, எழுதிக் கேட்பது. பள்ளி நாளின் நேரங்களை ஒரு தாளில் வரிசையாகப் போட்டு, ‘இந்த நேரத்தில் ஆள் வேண்டும்’, ‘தனியாக இருக்க வேண்டும்’, ‘எப்படியானாலும் சரி’ என்று குறிக்கச் சொல்லுங்கள். மதியம் தனிமை, மாலை பஸ் நிறுத்தத்தில் துணை என்று அவன் குறித்தால், நாம் தேட வேண்டியது பஸ் நிறுத்தத்துக்கு ஒரு துணை. நமக்கு மனம் ஆறுவதற்காக அவனைக் கூட்டத்தில் உட்காரவைக்கக் கூடாது.

அவனிடம் ஆட்டிசம் பற்றிச் சொல்லவில்லை என்கிறீர்கள். பயந்துதான் சொல்லாமல் இருந்திருப்பீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதினைந்து வயதில் தான் மற்றவர்களைப்போல் இல்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. காரணம் தெரியாதபோது பிள்ளைகள் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள்: நான் முட்டாள், நான் கெட்டவன், என்னை யாருக்கும் பிடிக்காது. உண்மை இவற்றையெல்லாம்விட இலேசானது. அவனுக்குத் தெரியாமல் வகுப்புக்குச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. தன்னைப் பற்றி நாற்பது பேருக்குத் தெரிந்த செய்தி தனக்குக் கடைசியாகத் தெரிவதை எந்தப் பிள்ளையாலும் தாங்க முடியாது.

எப்படிச் சொல்வது? விருந்தினர் இல்லாத, தேர்வு இல்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். அழுதுகொண்டு சொல்லாதீர்கள், கடவுள் கொடுத்த வரம் என்றும் சொல்லாதீர்கள். அவனுக்கு நடப்பதிலிருந்து தொடங்குங்கள். ‘உனக்குச் சத்தம் மற்றவர்களைவிட அதிகமாகக் கேட்கிறது இல்லையா? எண்கள் ஒருமுறை பார்த்தால் நிற்கின்றன இல்லையா? யாராவது கிண்டல் செய்தால் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது இல்லையா? உன் மூளை வேலை செய்யும் விதம் இப்படி. அதற்குப் பெயர் ஆட்டிசம். நீ பிறந்ததிலிருந்தே இப்படித்தான். உன்னைப்போல் நிறையப் பேர் இருக்கிறார்கள்.’ இவ்வளவு போதும். கேள்விகள் அன்றே வராது. மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது வரும். வரும்போது பதில் சொல்லுங்கள். அவனுக்குப் பழகிய பிறகு, யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று அவனே தீர்மானிக்கட்டும். நண்பர்களாக வரும் இருவருக்கு மட்டும் போதும் என்று அவன் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் வகுப்பில் சேர்க்கும் முன் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கண்ணைப் பார்த்துப் பேசவைப்பது, கையை ஆட்டாமல் உட்காரவைப்பது, ‘வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்’ என்று ஒப்பிக்கவைப்பது இதுதான் பாடம் என்றால் வேண்டாம். இப்படி வளர்ந்த பிள்ளைகள் பள்ளியில் எட்டு மணி நேரம் நடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் வெடிக்கிறார்கள். பெற்றோருக்கு அது பிடிவாதமாகத் தெரிகிறது. தன் இயல்பை மறைத்தே வாழ்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் தற்கொலை எண்ணங்கள் கூடுதலாக இருப்பதை 2018இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. இவ்வகை வகுப்புகள் பற்றிய ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டதும் இதற்குத் துணை நிற்கிறது: முன்னேறியதாகப் பிள்ளைகள் சொன்னது பெரும்பாலும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டதைப் பற்றித்தான்; பழகுவதில் தாங்கள் மாறியதாக அவர்களே சொல்லவில்லை. அதே சமயம், காரணத்தோடு கற்றுக்கொடுத்து, பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் மதித்து, அவனைப்போன்ற இரண்டு மூன்று பேரைச் சேர்ந்து ஏதாவது செய்யவிடும் வகுப்பாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். அங்கே அவனுக்குப் பாடத்தைவிடப் பெரிய லாபம், தன்னைப்போன்ற இன்னொரு பையனைச் சந்திப்பது.

அப்படி இருவர் சந்தித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு முன்பே சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் ஏமாந்துபோவீர்கள். எங்கள் கூடத்தில் சனிக்கிழமைதோறும் இரண்டு பையன்கள் வருகிறார்கள். ஒருவன் தரையில் குப்புறப் படுத்துக் கோயில் கோபுரம் வரைவான். இன்னொருவன் பழைய ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருப்பான். முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை இருக்காது. திடீரென்று வரைகிறவன், ‘ஸ்க்ரூ உருண்டு வந்துவிட்டது’ என்று தள்ளிவிடுவான். மறுபடியும் மௌனம். கிளம்பும்போது, ‘அடுத்த வாரம் அவன் வருவானா’ என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் கேட்பார்கள். இதுவும் நட்புதான், நல்ல நட்பு. ‘ஏதாவது பேசுங்களேன்டா’ என்று நடுவில் போய் நிற்காதீர்கள்.

வயது பற்றி ஒரு விஷயம், நீங்கள் கேட்காதது. ஒரு பெண்ணை அவனுக்குப் பிடிக்கலாம். பிடித்தால் அவள் பின்னாலேயே நடப்பது, திரும்பத் திரும்ப மெசேஜ் அனுப்புவது தவறு என்று யாரும் சொல்லாமல் அவனுக்குத் தெரியாது. எத்தனை முறை பேசலாம், பதில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம், ‘வேண்டாம்’ என்றால் அதோடு முடிந்தது, யாருடைய உடலையும் கேட்காமல் தொடக் கூடாது, தன்னைத் தொடவும் விடக் கூடாது, அந்தரங்கப் படங்களை அனுப்பவும் வாங்கவும் கூடாது. இவற்றை வெட்கப்படாமல் நேரடியான சொற்களில் அப்பாவோ மாமாவோ சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பற்றியும் சொல்லலாம். சாடையாகச் சொன்னால் புரியாது.

கல்யாண வீட்டுக்கு வருவோம். கெட்டிமேளம் அவன் காதில் நமக்குக் கேட்பதுபோல் கேட்பதில்லை, வலிக்கிறது, ஓடுகிறான். முகூர்த்தத்துக்கு முன்பே போய்ப் பெரியவர்களைப் பார்த்துவிட்டு, மேளம் தொடங்கும் முன் அவனுக்கென்று பார்த்துவைத்த அறைக்குப் போய்விடட்டும். காதை மூடும் ஹெட்ஃபோன் போட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள். அதைவிட நல்லது, அவன் கையில் ஒரு வேலை கொடுப்பது. பின்னறையில் ஒத்த வயது உறவுப் பையன் ஒருவனோடு உட்கார்ந்து தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டு எண்ணிவைக்கட்டும். எத்தனை பை என்று அவனைப்போல் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். வேலை இருந்தால் பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் குறையில்லை. உங்கள் நாத்தனாரிடம் நீளமாக வாதாட வேண்டாம். ‘அண்ணி, சத்தம் அவனுக்கு வலிக்கிறது. பிறவியிலேயே அப்படி. உங்களுக்கு அவன்மேல் பிரியம் இருந்தால் அடுத்த விசேஷத்தில் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வளர்ப்பில் குறை இருந்தால் அவன் இவ்வளவு நம்பிக்கையோடு எல்லாவற்றையும் வீட்டில் வந்து சொல்ல மாட்டான்.

கடைசியாக, தள்ளிப்போடலாமா என்பது. அந்த மூவர் விஷயத்தை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். அவன் சாப்பாட்டைக் குறைத்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தூக்கம் கெட்டாலோ, ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்பதுபோல் ஏதாவது சொன்னாலோ மனநல மருத்துவரை உடனே பாருங்கள். இரவு நேரமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். யாராவது துன்புறுத்துவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

ஆட்டிசம் பற்றி அவனிடம் பேசுவதைத் தேர்வு முடிந்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். அவனே அதற்கு முன் கேட்டால் அன்றே சொல்லிவிடுங்கள். ஆனால் பதினொன்றாம் வகுப்பை இப்போதே யோசிக்க வேண்டும். பள்ளி மாறினால் இங்கே கிடைத்த ஓரிரு நல்ல முகங்களும் போய்விடும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவனோடு நன்றாகப் பழகும் பையன் எங்கே சேரப்போகிறான் என்று அந்த வீட்டில் கேளுங்கள்; முடிந்தால் இருவரையும் ஒரே பள்ளியில், ஒரே பிரிவில் சேருங்கள். விடுமுறையில் அந்தக் கட்டடத்தை ஆளில்லாத நேரத்தில் இரண்டு முறை நடந்து பார்க்கட்டும்: வகுப்பு, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், இரைச்சல் தாங்காதபோது போய் உட்கார ஓர் இடம். மே மாதத்தில் அவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்று எழுதுங்கள்; புதிய பள்ளியில் யாரிடம் என்ன பேசுவது என்பதை அப்போது விரிவாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர்